சொந்தக் கால்

மூர்பேக் ஊர்ச் சதுக்கத்தில்
ஃபிர்மின் டெ ராவ வெண்கலமாக நிற்கிறான்.
நிற்கிறான் என்பது தவறு, மிதிக்கிறான்.
தலை அவனுடையது.
மூக்கு, சந்தேகமே இல்லை, அவனுடையது.
இடுப்புக்குக் கீழே நான்.

சிற்பி ஓடில் அழைத்த வாரங்களில் எல்லாம்
அவன் எங்கோ ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தான்,
தொலைக்காட்சியில் தயிர் தின்றுகொண்டிருந்தான்.
கால் வேண்டும், யார் காலானாலும் சரி என்று
அவள் அணி மேலாளருக்குப் போன் செய்தாள்.
அவர் என்னை அனுப்பினார்.
எப்போதும் என்னைத்தானே அனுப்புவார்:
தண்ணீர் எடுத்துவர, மழைச்சட்டை எடுத்துவர,
முந்திப்போனவர்களைத் துரத்திப் பிடிக்க,
பிடித்து முடித்ததும் ஓரமாக ஒதுங்க.

பிப்ரவரி. மூடிப்போன லினன் ஆலையில் பட்டறை.
ஒரே ஒரு அடுப்பு, அதுவும் களிமண்ணுக்காக.
களிமண் உறைந்துவிடக் கூடாதாம்.
நான் உறையலாம்.
சவரம் செய்த கால்களில் வாசலின் தடவி
பிளாஸ்டரில் நனைத்த துணியைச் சுற்றினாள்.
முதலில் சில்லென்றது. பிறகு
மாவு இறுக இறுகத் தானாகச் சூடேறியது.
இப்படிச் சூடேறும் என்று யாரும் சொல்லவில்லை.
அந்த இருபது நிமிடம்
யாரோ என் கால்களுக்குப் போர்த்திவிட்டது போலிருந்தது.

முழங்காலுக்குக் கீழே இது என்ன என்றாள்.
கென்ட் நகர டிராம் தண்டவாளம் என்றேன்.
மழை. பின்னால் ஃபிர்மின்.
இடப்பக்கம் சாய்ந்தால் அவன்மேல் விழுவேன்,
வலப்பக்கம் சாய்ந்தேன்.
அழித்துவிடவா?
உங்கள் இஷ்டம்.
அழிக்கவில்லை.

திறப்பு விழாவில் மேயர் பேசினார்:
"யார் தயவும் இல்லாமல்
சொந்தக் காலில் நின்ற மாவீரர்!"
ஓடிலுக்கு இருமல் வந்துவிட்டது.
என் மனைவி மார்லேன் சிலையை அண்ணாந்து பார்த்து
ஃபிர்மினுக்குச் சதை போட்டுவிட்டது என்றாள்.

ஃபிர்மின் சிலையைச் சுற்றி வந்தான்.
முன்னால் நின்று மூக்கைப் பார்த்து முகம் சுளித்தான்.
பின்பக்கம் போனவன்
அங்கேயே நின்றுவிட்டான்.

எதிர்காற்று வீசிய ஒவ்வொரு நாளும்
ஒன்பது வருடம்
ஐந்து மணி நேரம், சில நாள் ஏழு,
என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி
அவன் பார்த்ததெல்லாம்
இந்தக் கெண்டைக்கால் இரண்டைத்தான்.
கடலோரமாகப் போனோம், கடலைப் பார்த்ததில்லை.
திராட்சைத் தோட்டங்கள் வழியே போனோம்.
பெற்ற மகள் முகத்தையும்
இத்தனை நேரம் பார்த்திருக்கமாட்டான்.

காகிதக் கோப்பையில் பியரோடு என்னிடம் வந்தான்.
"காஸ்தோன், இடது குதிகால்
இன்னும் கொஞ்சம் உள்ளே திரும்பும்."
"சொன்னேன். அழகாக இல்லையாம்."
"ம்" என்றான்.
பேச வேறு எதுவும் வரவில்லை.
கால்வாய்ப் பக்கமிருந்து காற்று கிளம்பியது,
அந்தப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.
அவன் கவனிக்கவில்லை.
கவனிக்காதபடி செய்வதற்குத்தானே சம்பளம் வாங்கினேன்.

அது ஆயிற்று பதினோரு வருடம்.
சுற்றுலா வழிகாட்டி தழும்பைக் காட்டுகிறார்:
ஆல்ப்ஸ் மலையில் விழுந்து
இரத்தம் சொட்டச் சொட்ட எழுந்து
வென்றாராம் டெ ராவ.
கூட்டத்தோடு நின்று நானும் கேட்டேன்.
நன்றாகத்தான் சொல்கிறார்.
நாய் வந்து காலைத் தூக்கும்போது மட்டும்
சிலை முழுக்க ஃபிர்மின் என்று வைத்துக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடப் பந்தயத்துக்கு முந்தின நாள்
பிள்ளைகள் வரிசையில் நின்று தழும்பைத் தேய்க்கிறார்கள்,
ராசியாம்.
உடம்பெல்லாம் பச்சை பூத்துவிட்டது,
அந்த இரண்டு அங்குலம் மட்டும் பளபளவென்று மஞ்சள்.
ரொட்டி வாங்கத் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.
யாராவது தேய்த்துக்கொண்டிருந்தால்
கொஞ்சம் நின்று
கால்சட்டைக்கு மேலாகவே
சொறிந்துகொள்கிறேன்.