இருக்கட்டும், போகட்டும்

ஜனவரி ஒன்று. மழை.
போர்த்தோ நகரத்து ஜனவரியில்
சுவரே வியர்க்கும்.
அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம்
தன் நாட்டின் எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளும்.

நேற்று நள்ளிரவில்
மணி அடிக்க அடிக்கப் பன்னிரண்டு உலர்திராட்சை.
ஒன்றுக்கு ஒரு வேண்டுதல்.
எனக்கு ஏழோடு தீர்ந்துவிட்டது.
மிச்சம் ஐந்துக்கும் ஒன்றையே கேட்டேன்:
இந்த வீட்டுக்குள் நடக்க இடம்.

நாளுக்கொரு இழுப்பறை.
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகிவிட்டால்
பதினைந்தே நிமிடம்.
மூன்று அட்டைப்பெட்டிகள்:
இருக்கட்டும், போகட்டும், யாருக்காவது ஆகட்டும்.
ஆறாம் தேதி இரவு மொத்தமும் கீழே இறங்கும்.
பத்திரப் பதிவு அலுவலகத்தில்
முப்பத்தோரு வருடம் முத்திரை குத்திய கை,
தயங்காது.

இரண்டாம் தேதி சமையலறை.
மூடியில்லாத டப்பா ஒன்பது.
டப்பாவில்லாத மூடி பதினாறு.
கல்யாணத் தரகர்போல் மாற்றி மாற்றிப் பொருத்தினேன்,
ஒரு ஜோடி தேறவில்லை.
விளிம்பில் நாய்ப்பல் பதிந்த பச்சை மூடி
எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?
நாங்கள் நாயே வளர்த்ததில்லை.
போகட்டும்.

மூன்றாம் தேதி ஒற்றைக் காலுறைகள்.
அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

நான்காம் தேதி
அமாதேயுவின் கோட்டுகள்.
பதறாதீர்கள், சாகவில்லை.
லக்சம்பர்க்கில் இன்னொருத்தியோடு
சௌக்கியமாக இருக்கிறான்,
புதுக் கோட்டு வாங்கிக்கொண்டு.
நான்கையும் மடித்தேன்.
கை நடுங்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் போடுமுன் பைகளைத் துழாவினேன்.
டிராம் சீட்டு. பல்குச்சி.
சாம்பல்நிறக் கோட்டின் உள்பையில்
காகிதக் கைக்குட்டையில் பொதிந்த
ஒரு மொச்சை.
கறுத்து, இறுகி,
கடித்தால் பல்தான் போகும்.

மூன்று ராஜாக்கள் திருநாள் கேக்குக்குள்
ஒற்றை மொச்சையை ஒளித்துச் சுடுவது இங்கே வழக்கம்.
யார் துண்டில் அகப்படுகிறதோ
அடுத்த வருடக் கேக் அவர் தலையில்.
அந்த வருடம் எதிர்வீட்டு தியோலிந்தாவின் மேசையில்
ஆறு பேர், ஆறு துண்டு,
மொச்சை மட்டும் யாருக்கும் வரவில்லை.
"பேக்கரிக்காரன் ஏமாற்றிவிட்டான்"
என்றான் அமாதேயு, கொஞ்சம் குழறலாக.
நீங்கள்தான் மறைத்தீர்கள் என்று அவள் சொல்ல,
உன் தம்பியின் வாயைத் திறக்கச் சொல் என்று நான் சொல்ல,
குழாய்க் கசிவு, துணிக்கொடிச் சண்டை
எல்லாம் எழுந்து வந்து
நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தன.

பதினோரு வருடம்.
இரண்டு கதவுக்கும் நடுவே நான்கு தரையோடுகள்.
படியில் எதிர்ப்பட்டால்
இருவருமே விளக்குப் பொத்தானைப் பார்ப்போம்.

கடிகாரம் கிணுகிணுத்தது.
மொச்சை எந்தப் பெட்டிக்கு?
திரும்பவும் திருகினேன்.
திரும்பவும் கிணுகிணுத்தது.

ஐந்தாம் தேதி எந்த இழுப்பறையையும் திறக்கவில்லை.
பேக்கரி வரிசை தெருமுனை தாண்டி நின்றது.
குடைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒழுகின.
இருப்பதில் பெரியதாகக் கேட்டேன்,
வட்டியும் சேர்ந்திருக்கிறதே.

ஆறாம் தேதி மாலை
நான்கு தரையோடுகளைக் கடந்தேன்.
தலையில் துணி கட்டி, முழங்கைவரை ஈரமாக
கதவைத் திறந்தாள்.
அவள் பின்னாலும் மூட்டைகள், பெட்டிகள்.
உள்ளங்கையை விரித்தேன்.
"அமாதேயு" என்றேன்.

மொச்சையைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள்.
"தெரியும்" என்றாள்.
"கன்னம் புடைத்திருந்ததே.
உனக்கும் தெரியும் என்றல்லவா
இத்தனை நாள்..."

முடிக்கவில்லை.
மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு
"அந்த மூட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்,
கத்தி எங்கே போட்டேனோ" என்று
உள்ளே போனாள்.

மூட்டையைத் தள்ளினேன்.
அதன் வாயிலிருந்து உருண்டு வந்தது
பச்சை டப்பா ஒன்று,
மூடியில்லாமல்.

குப்பை வண்டி பத்தரைக்குத்தான் வரும்.
மணி இப்போது
ஏழே கால்.