ஒருமுறை மறிக்கலாம்

ஆவணியில் குளம் வற்றினால்
பனிக்கன்குளத்துக்கு ஒரு மைதானம் கிடைக்கும்.
லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏறி நின்று
கழகச் செயலாளர் விதி வாசித்தார்:
பதினைந்து சுற்று.
முன்னால் ஓடுபவன்
பின்னால் வருபவனை ஒருமுறை மறிக்கலாம்.
எந்தப் பக்கம் சரிந்தானோ
அந்தப் பக்கமே நிற்கவேண்டும்.
மற்றது மற்றவனுக்கு.
"விளங்கினதோ?"
பன்னிரண்டு ஹெல்மெற் ஆடின.

பாதையின் ஓரத்துக்கு
நாடா கட்டியிருந்தார்கள், சிவப்பும் வெள்ளையும்.
கண்ணிவெடி எடுத்த கம்பனி
விட்டுப்போன உருளைகள்
எங்கள் பக்கம் இன்னும் முடியவில்லை.
நாற்றுமேடைக்குக் கட்டுவோம்,
கலியாண வீட்டில்
கார் நிற்பாட்டும் வளவுக்கும் கட்டுவோம்.

இசைமாறனும் நானும்
ஒரே மாதம் மீள்குடியேறி வந்தவர்கள்.
பந்து நாடாவுக்கு அங்கால உருண்டால்
அது பந்து இல்லை.
அழக்கூடாது.
வேறு விளையாட்டு விளையாடவேண்டும்.

என்னைவிட அவன் வேகம்.
இதை எழுதிவைக்கிறேன்.
அவன் மோட்டார் சைக்கிள் பழசு,
ஆனால் திருப்பத்தில் அவன் கிளச்சை விடுவது
நித்திரைப் பிள்ளையின் கையிலிருந்து
கிலுக்கைக் கழற்றுவது போல.

பதினான்காம் சுற்று, துருசடி வளைவு.
அவன் முன்சில்லு என் முழங்காலுக்கு நேரே.
உள்ளே சரிந்து வழியை மூடினேன்.
முழங்கையில் முழங்கை உரசித் தோல் போனது.
சனம் கத்தியது, சிலர் என்னைத் திட்டியும்.
அது சரியான மறிப்பு.
இப்பவும் சொல்லுவேன்.

கடைசிச் சுற்று. அதே வளைவு.
நான் உள்ளே. அவன் வெளியே வந்தான்,
விதி அவனுக்கென்று விட்டிருந்த பக்கம்.
புழுதி.
அந்தப் புழுதிக்குள்
எனக்கு ஒன்று தெரிந்திருந்தது:
மாறன் நாடாவைத் தாண்டமாட்டான்.
வெளியூர்க்காரன் தாண்டியிருப்பான்.
அங்கால வெறும் களித்தரை,
மாடு மேய்கிற இடம்,
சுற்றி வந்து முந்தியிருப்பான்.
மாறன் நினைத்தாலும்
அவன் கை நினைக்காது.
என்னுடைய கையும்தான்.

ஹாண்டிலை வெளியே திருப்பினேன்.
இரண்டாம் முறை.

பிரேக் அலறிய சத்தம்.
நாடா அறவில்லை.

"ஆருக்கும் முறைப்பாடு இருக்கோ?"
ஒலிவாங்கியை ஊதிவிட்டு
வழமைக்குக் கேட்டார் செயலாளர்.
மாறன் ஹெல்மெற்றைக் கவிழ்த்து
புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தான்.
என் வாய்க்குள்ளும் புழுதி.
குளத்தடியில் என் ரயர் எழுதியிருந்தது,
ஒரு வளைவு, அதன்மேல் எதிர்த்து இன்னொன்று.
மாரி வந்து நனைக்கும்வரை வாசித்திருக்கலாம்.
ஒருவரும் குனியவில்லை.

பரிசு, நின்று சுழலும் ஃபான் ஒன்று.
பின்சீற்றில் கட்டிக்கொண்டு
கண்டி வீதியில் ஏறினேன்.
கறண்ட் இல்லாமலே
காற்றுக்கு அது சுற்றத் தொடங்கியது.

கண்ணாடியில் அவன் லைற்.
இடப்பக்கச் சிக்னல் போட்டேன்.
ஓரம் கட்டினேன். கையையும் காட்டினேன்: போ.
எதிரே ஒரு லொறிகூட இல்லை.
அவன் வரவில்லை.
முப்பதுக்கு இறக்கினேன், அவனும் முப்பது.
இருபது.
இருபது.
முறிகண்டி வரைக்கும் அப்படியே.

பிள்ளையாருக்கு நிற்காமல் ஆர் போவது?
தேங்காய் உடைக்கிற இடத்தில்
எனக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.
கச்சான் சரை ஒன்று வாங்கி
பாதியை என் பெற்றோல் ராங்கில் கொட்டினான்.
சில உருண்டு விழுந்தன.
ஒன்றை உடைத்து, கோதை ஊதி,
"முதல் மறிப்பு
நல்லாயிருந்தது" என்றான்.

ஃபான் நின்றிருந்தது.
சிக்னலை நிற்பாட்ட மறந்துபோனேன்.
விட்டு விட்டு
அது வழி காட்டிக்கொண்டிருந்தது.