ஒருமை பன்மை

டெர்வ்லாவின் வேலை சினையாடுகளை எண்ணுவது.
மாயோ மாவட்டம், பிப்ரவரி, சாய்ந்து விழும் மழை.
ஒரு கூண்டு, ஒரு பேட்டரி,
விறைத்த விரல்களில் ஸ்கேன் கருவி.
செம்மறி உள்ளே வரும். அடிவயிற்றில் ஜெல்.
சாம்பல் திரையில் ஏதோ துடிக்கும்.
முதுகில் நீலம் தெளித்தால் ஒன்று.
பச்சை தெளித்தால் இரண்டு.
சிவப்பு விழுந்தால் ஒன்றுமில்லை,
சந்தைக்கு ஓட்டிவிடலாம்.
ஆட்டுக்கு எண்பது சென்ட்.
உள்ளே யார் என்று எந்தப் பண்ணைக்காரனும் கேட்டதில்லை.
எத்தனை என்றுதான்.

மாலக்கியின் பண்ணையில் நூற்றுப்பன்னிரண்டு.
மேற்குப் புல்வெளியின் மூலையில் மட்டும்
அவன் டிராக்டர் ஏறாது.
முழங்கால் உயரப் புல், நடுவே
பெயர் வெட்டாத கற்கள், ரொட்டி அளவில்.
கில்லீன் என்பார்கள் அந்த இடத்தை.
ஞானஸ்நானத்துக்கு முன் இறந்தால்
கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றிருந்த காலம்.
லாந்தரை ஏந்திக்கொண்டு
அப்பன்மார் இரவோடு இரவாக வந்து புதைத்துப் போவார்கள்.
மாலக்கியின் தம்பியும் அங்கேதான்

கிடக்கிறான் என்பதா, கிடக்கிறது என்பதா?
இந்த இடத்தில் என் தமிழ் தடுக்குகிறது.
குழந்தை அழுதது, குழந்தை சிரித்தது:
மடியில் போட்டுக் கொஞ்சும்போதும்
அஃறிணையில்தான் வைத்திருக்கிறோம்.
ஆனால் சுமக்கிறவளை ஈருயிர்க்காரி என்கிறோம்.
ஒரே வாயால் இரண்டையும் சொல்லி
ஒருநாளும் நமக்கு நாக்குக் குழறியதில்லை.

மே மாதம். மின்கம்பங்களெங்கும் அட்டைகள்.
அரசியல் சட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டாக ஒரு வரி:
தாயின் உயிரும் பிறவாததன் உயிரும் சரிசமம்.
எடுப்பதா, இருக்கட்டுமா?
வெள்ளிக்கிழமை வாக்கு.
பாக்கி வாங்க வந்த டெர்வ்லாவுக்கு
அட்ராக்டா தேநீர் ஊற்றுகிறாள்.
மாலக்கி தொப்பியைக் கழற்றவில்லை.

"என் தம்பியை ஆளே இல்லை என்றார்கள்.
இனி எதைப் பார்த்தும் அந்தச் சொல்லை நான் சொல்வதாயில்லை.
அதனால்தான் சீட்டில் 'இல்லை' போடப்போகிறேன்."
சொன்னபிறகு அவனுக்கே அது கொஞ்சம் விநோதமாகக் கேட்டது.

அட்ராக்டா கெட்டிலை அடுப்பில் வைத்தாள், வேண்டுமென்றே சத்தமாக.
"இவருடைய அம்மாவை மூன்றாம் நாளே
பால் கறக்க எழுப்பிவிட்டார்கள்.
மாரில் கட்டிய பாலுக்கு முட்டைக்கோஸ் இலை.
இவர் சொல்லும் கதையில் லாந்தர் இருக்கும்,
பாதிரியார் இருப்பார், எந்தக் கல் என்பதுகூட இருக்கும்.
அன்றிரவு அவள் எங்கே இருந்தாள்?
நான் 'ஆம்'."

நாற்பது வருடமாக
ஒரே வெண்ணெய்க் கத்தியைப் பகிர்ந்துகொள்கிறவர்கள்.

டெர்வ்லா வாய் திறக்கவில்லை.
வீட்டில், காப்பீட்டுக் காகிதங்களுக்கு அடியில்
அவளிடம் ஒரு பழைய கப்பல் சீட்டு உண்டு.
டப்ளின், ஹோலிஹெட், இரவுப் பயணம், பத்தொன்பது வயது.
பயணிகள்: ஒருவர்.
திரும்பும்போதும் ஒருவர்.
கப்பல்காரனுக்குக் கணக்கு நேராக இருந்தது.
அவளுக்குச் சில வருடங்கள் நேராக இருக்கும்,
சில வருடங்கள் இருக்காது.
வருத்தமா என்றால் இல்லை. மறந்தாளா என்றால் அதுவுமில்லை.
யாரும் கேட்காததால்
இதைச் சொல்ல அவளிடம் தயாராக ஒரு வாக்கியம்கூட இல்லை.
பிஸ்கட்டைத் தேநீரில் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவிட்டாள்.
அது உடைந்து அடியில் போயிற்று.

மாலக்கி காசை எண்ணி வைத்தான்.
"நூற்றுப்பதினொன்றுக்குத்தான்.
நீ சிவப்பு அடித்ததில் ஒன்று ஏப்ரலில் ஈன்றுவிட்டது.
லாரி வராததால் தப்பியது."
"எந்த இடத்தில்?"
"அந்த மூலையில்தான், கற்களுக்கு நடுவே.
காற்று அடிக்காத இடம் எனக்கு வேறு எங்கே இருக்கிறது?"

அட்ராக்டா சிரித்துவிட்டாள்,
உடனே சிரித்திருக்க வேண்டாமோ என்பதுபோல் சன்னலைப் பார்த்தாள்.
எண்பது சென்ட் குறைந்திருந்தது.
டெர்வ்லா வாதாடவில்லை.