கோடைக்கான தொகை

முதல் பக்கம் எளிது.
பெயர்: செ. மஃரூஃபா. ஊர்: மேலப்பாளையம்.
பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு, பாளையங்கோட்டை.
குடும்ப வருமானம் என்ற கட்டத்தில்
உம்மா வாரத்துக்குச் சுற்றும் பீடியை
ஆயிரக் கணக்கில் எழுதிவிட்டேன்.
அடித்துவிட்டு ரூபாயில் எழுதினேன்.

ஏழாவது கேள்வியில் பேனா நின்றது.
யூதவியல் படிக்க இந்தக் கோடையில்
உங்களுக்கு ஏன் பணம் தர வேண்டும்?
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.

காக்கா இதையே மூன்று சொல்லில் கேட்டிருந்தான்:
"ஒனக்கு எதுக்குட்டி அது?"

கத்திரி வெயில். கரண்ட் இல்லை.
முழங்கை வியர்வையில் தாள் ஒட்ட
எழுதினேன்:

கெய்ரோவில் ஒரு தொழுகைக்கூடம்.
இறைவன் பெயர் இருந்துவிட்டால் என்ன செய்ய என்று
எழுதிய தாள் எதையும் எறியாமல்
ஓர் அறைக்குள் போட்டுக்கொண்டே வந்தார்கள்,
நூற்றாண்டுக் கணக்கில்.
கல்யாண ஒப்பந்தம், கடன் சீட்டு, மிளகு விலை,
மலபாருக்குப் போய்த் திரும்பாத புருஷனுக்கு
ஒருத்தி அனுப்பிய ஏச்சு.
மொழி அரபு. எழுத்து எபிரேயம்.

எங்கள் தெருப் பள்ளியிலும் ஒரு சாக்கு உண்டு.
கிழிந்த ஓதல் தாள்கள்
ஆற்றில் தண்ணீர் பெருகும் நாளுக்காக அதில் கிடக்கும்.
போன வருஷம் கைவிட்டுத் துழாவியபோது
ஒரு தாள் வந்தது. அரபு எழுத்து.
வாய்விட்டுப் படித்தேன், தமிழ்:
மிளகு நாலு, சுக்கு ஒரு துண்டு, மூணு நாளைக்கு.
யாருடைய இருமலோ.

அடுத்த வீட்டு எழுத்தை உடுத்திக்கொண்டு
சொந்த வீட்டுப் பேச்சைப் பேசுகிறவர்களை
எனக்குத் தெரியும்.
அதனால்.

எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு சொல் கூடுதல்.
கடன் சீட்டை வெட்டினேன், கல்யாணத்தை வெட்டினேன்.
அவள் ஏச்சை வெட்டக் கை வரவில்லை.
"யாருடைய இருமலோ" போனது.

செலவு விவரம்:
கொச்சியில் ஆறு வார வகுப்பு,
விடுதி, சாப்பாடு,
எபிரேய அகராதி (பழைய பிரதி போதும்),
பாலருவி எக்ஸ்பிரஸ், போக, வர.
மொத்தம் இருபத்தெட்டாயிரம்.

வண்ணாரப்பேட்டை சிக்னலில்
பஸ் நிற்கும்போது பதில் வந்தது.
மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.
பாதித் தொகை.
மீதியை விண்ணப்பதாரரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

உம்மா தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:
"மீதிக்கு எத்தன ஆயிரம் சுத்தணும்?"
ஐம்பதாயிரம், சொன்னேன்.
கத்தரி ஓர் இலையைப் பாதியில் விட்டு நின்றது,
பிறகு வெட்டியது.

இரவெல்லாம் கணக்கு.
மூன்று வாரம் மட்டும் போகலாமா?
எபிரேயத்துக்கு எழுத்து இருபத்திரண்டு.
பாதி என்றால் பதினொன்று,
காஃப் வரை.
காஃபை எனக்கு முன்பே தெரியும்,
வேறு சட்டையில்.

காலையில் அகராதியை அடித்தேன்.
சாப்பாட்டை ஒருவேளை ஆக்கினேன்.
காக்கா ஒன்றும் பேசாமல்
ரெண்டாயிரத்தைப் படிவத்தின் நகலுக்குள் வைத்துப் போயிருந்தான்.
அப்படியும் இடித்தது.

ஜங்ஷன் கவுன்ட்டரில்
போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன்.
வருவதற்கு,
உம்மா ஏச்செழுதி அனுப்பட்டும்,
பார்த்துக்கொள்ளலாம்.