பெட்டி எடை

நண்டுக் கம்பெனியில் எனக்குத் தராசு வேலை.
காலிப் பெட்டியை முதலில் வைக்க வேண்டும்,
பொத்தானை அழுத்த வேண்டும்,
ஒன்று எண்ணூறு பூஜ்யமாகும்.
அப்புறம்தான் நண்டு.
பதினோரு வருஷத்தில்
ஒருத்தர் கணக்கிலும்
பெட்டியை நண்டென்று எழுதியதில்லை.

தராசில் நான் மட்டும் ஏறியதில்லை.

தங்கச்சிமடம் பள்ளிக்கூடத்தில்
என் பேர் ஆவுளியா.
செத்துக் கரை ஒதுங்கிய ஒன்றைப்
பார்த்துவிட்டு வந்து
வில்பிரட் வைத்த பேர்.
பதிமூன்று வயதில்
கடலில் இறங்குவதை விட்டேன்.
அவன் இப்போது எனக்குத்தான் நண்டு போடுகிறான்,
பேர் வைத்தது அவனுக்கு ஞாபகமே இல்லை.

வீட்டில் வேறு பேச்சு:
"நம்ம வம்சத்து ஒடம்பு, மெற்றில்டா,
பச்சத்தண்ணி குடிச்சாலும் சதை போடும்."
சாட்சிக்கு ரோசம்மா அத்தை.
கால்விரல் இரண்டை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
விட்டுவிட்டு வந்தவள், நாற்பத்தெட்டில்.
எனக்கு நாற்பத்தொன்று.
ஏழு வருஷம் இருக்கிறது என்று
காலண்டர் பார்ப்பதுபோல்
விரல்களைப் பார்ப்பேன்.

கம்பெனிக்கு சுகர் பார்க்க நர்ஸ் வந்தாள்.
வம்சத்தைச் சொன்னேன், விரல்களைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டே கேட்டாள்:
"அத்தை எப்பயாச்சும் டெஸ்ட் எடுத்தாங்களா?"
இல்லை.
"டீக்கு எத்தனை கரண்டி சீனி?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.
மூன்று கரண்டி.
அம்மாவுக்கு மூன்று, அம்மாச்சிக்கும் மூன்று,
எனக்கும் அளந்து போட்டது மூன்றுதான்.
ஒரு நாளைக்கு ஆறு டம்ளர்.
பச்சைத்தண்ணீரை
எங்கள் வீட்டில் யார் குடித்தோம்?

இந்த அகலத் தோள் அம்மாவுடையது.
அது இருக்கட்டும்,
அதில் எனக்கு வழக்கில்லை.

ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு சாயங்காலம்
தராசில் ஏறினேன்,
சாவிக்கொத்து, ரப்பர் பூட்ஸ், ஐஸ் ஈரம் எல்லாத்தோடும்.
தொண்ணூற்று மூன்று நானூறு.
இடி விழவில்லை.
வெளியே ராமேஸ்வரம் ரயில் ஊதிக்கொண்டு போனது.
பழக்கதோஷத்தில் விரல்
பொத்தான் மேல் போய்விட்டது.
எதை வைத்து அழுத்துவது?
ஆவுளியாவுக்கு எத்தனை கிலோ?
வம்சத்துக்கு?

சோழகம் அடித்தால் தென்கடல் கத்தும்,
வடகடல் தட்டில் ஊற்றிய கஞ்சிபோல் கிடக்கும்.
வடகரைக்கு நடந்தேன்.
முதல் நாள் உடைமரம் வரைக்கும்,
மூட்டு கெட்ட வார்த்தை பேசியது.
நாலாம் நாள் மழை, போகவில்லை.
ஒரு வாரம் சும்மாவே போகவில்லை.
அப்புறம் போனேன்.
ஒரு விடியலில்
நைட்டியோடு கழுத்தளவு இறங்கினேன்.
இருபத்தெட்டு வருஷம் கழித்து.
கால் தரையை விட்டது.
கடல் என்னை நிறுத்துப் பார்க்கவில்லை.
அடியில் பாசி ஆடியது,
ஆவுளியா மேயுமே, அந்தப் பாசி.
அது நல்லாத்தான் நீந்தும் என்று
வில்பிரடுக்கு யாரும் சொல்லவில்லை போல.

ஆறு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்திருக்கிறது.
நண்டானால் அரைப் பெட்டிகூட வராது.
சுகர் இருநூற்றுப் பத்திலிருந்து நூற்றைம்பதுக்கு வந்திருக்கிறது,
மாத்திரை ஒன்று தொடர்கிறது.
டீயில் கரண்டி ஒன்று,
பெருநாள் அன்று மட்டும் இரண்டு.

நேற்று மகள் கண்ணாடி முன்னால் நின்று
"நான் ஒன்ன மாதிரிதானே ஆவேன்?" என்றாள்.
வாயில் வம்சம் வந்துவிட்டது,
முழுங்கிவிட்டேன்.
"வடகரைக்கு வர்றியா?" என்றேன்.
செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.