உறவினராக இருத்தலாகாது

ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி:
போதகரின் பரிந்துரைக் கடிதம் தேவை.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்
போதகர் விண்ணப்பதாரருக்கு
உறவினராக இருத்தலாகாது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி வாசித்தார்.
கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் சத்தம்.
அதன் மாடியில்தான் எங்கள் சபை:
நாற்பத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலி,
ஓர் ஆம்ப்ளிபயர்.
அந்த ஆம்ப்ளிபயர்தான் கதை.

மற்றதெல்லாம் சேர்ந்துவிட்டது.
எஸ்.பி.எம். சான்றிதழ், உறுதி செய்த நகல்.
கிளினிக்கில் நெஞ்சைப் படம் பிடித்து
நுரையீரல் சுத்தம் என்று வாங்கியாயிற்று.
கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட நாளை
முந்நூறு சொற்களில் விவரிக்க வேண்டும்.
எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை.
வீட்டு மின்விசிறி மாதிரி
நான் பிறக்கும் முன்பே அது ஓடிக்கொண்டிருந்தது.
அதையே எழுதினேன்.
இருநூற்றுப் பதினொன்றில் நின்றுவிட்டது.

அடையாள அட்டையில் நான்
எப்சிபா, காளிமுத்துவின் மகள்.
ஞானஸ்நானச் சான்றிதழில்
சாமுவேலின் மகள்.
இரண்டு அப்பாவும் ஒருவரே என்று
சத்தியக் கடுதாசி வேண்டுமாம்.
சத்தியமே பண்ணக்கூடாது என்று
போன மாதம்தான் பிரசங்கித்தவர்
தாப்பா கோர்ட்டுக்கு எதிர் அஞ்சடியில்
பத்து வெள்ளி கொடுத்துச் சத்தியம் பண்ணினார்,
காளிமுத்துவும் நானே, சாமுவேலும் நானே.
முத்திரை குத்தியவர் தலையே தூக்கவில்லை.

மிஞ்சியது அந்தப் பொடி எழுத்து.
பீடோரில் இன்னொரு தமிழ்ப் போதகர்
இல்லாமலில்லை.
செம்பனை ஆலைக்குப் போகும் வழியில்
பழைய சபை, ஆசீர் தேவவரம்.
பதினோரு வருஷத்துக்கு முன்
டிரம்ஸ் வைக்கலாமா கூடாதா என்று தொடங்கியது.
பதினான்கு குடும்பத்தோடு அப்பா
அந்தப் படியிறங்கினார்.
கையில் ஆம்ப்ளிபயர்.
சொந்தக் காசு என்பது இவர் கணக்கு.
காணிக்கைக் காசு என்பது அவர் கணக்கு.

"நீயே போய்க் கேளு" என்றார்
சுவரைப் பார்த்து.

சனிக்கிழமை காலை.
அரைக்கால் சட்டையோடு புல் வெட்டிக்கொண்டிருந்தார்,
முழங்காலெல்லாம் பச்சைத் துணுக்கு.
மெஷினை நிறுத்தாமலே பாரத்தை வாங்கினார்,
படித்தார், பிறகு நிறுத்தினார்.

விண்ணப்பதாரரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர்?

விரல் மடக்கி எண்ணினார்.
"ஏழு வருஷம் இங்கே இருந்தே.
கைக்குழந்தையா உன்னைப் பிரதிஷ்டை பண்ணினதும்
நான்தான், என் சட்டையை நனைச்சே.
அப்புறம்..."
அப்புறம் பாசார் மாலாம்.
அப்பம் பாலேக் வரிசையில் எனக்குப் பின்னால் நின்று
என் முதுகை அறிந்தவர்.
"பேசாத வருஷத்தையும் சேர்க்கலாமா?"
நிஜமான சந்தேகம்,
வருமான வரி பாரம் நிரப்புகிறவர் முகம்.

தெரியவில்லை என்றேன்.
பதினெட்டு என்று எழுதினார்.
அடித்தார்.
மறுபடி பதினெட்டு என்றே எழுதி
ஓரத்தில் சிறு கையொப்பம் போட்டார்.

கடிதம் எழுத உள்ளே போய்விட்டார்.
மைலோ கொண்டுவந்த அவர் மனைவி
அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலையா என்றார்.
அந்த வலி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது.
நான் மைலோவைப் பார்த்தபடி
தேவலை என்றேன்.

உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில்
குறுக்கே ஒப்பமிட வேண்டும், விதி.
நாக்கில் தடவி ஒட்டினார்.
கேட்டைத் திறந்துவிட்டு,
"மழை பெஞ்சா அந்த ஆம்ப்ளிபயர்
இன்னும் இரையுதா?"

வீட்டில் அப்பா உறையை
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"ரெண்டு பக்கம் இருக்கும்."
எடை பார்ப்பதுபோல் கையை ஏற்றி இறக்கினார்.
அவர் கேட்டதைச் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து:
"இரையுதுன்னு சொன்னியா?"

சொன்னேன்.

போஸ்டாபீஸ் அடைக்க இருபது நிமிஷம்.
மோட்டார் சாவியைத் தேடினோம்
இரண்டு பேரும்,
அவர் சட்டைப் பையிலேயே இருந்ததை.