டிசம்பரில் ஏது சூரியன்

பதிவேட்டின் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில்
சலேகார்ட் அலுவலகம்
சிவப்பு மையில் கேட்டிருக்கிறது:
"டிசம்பரில் ஏது சூரியன்?"

நியாயமான கேள்விதான்.
யமால் கரையை விட்டு நவம்பர் கடைசியில் போனவன்
ஜனவரி பாதியில்தான் திரும்புவான்.
நண்பகலில் தெற்கே
கழுவாத டம்ளர் மாதிரி ஒரு நீலம்,
ஒரு மணி நேரம்.
அவ்வளவுதான் அவன்.

நான் ஹாத்னே செரோதெத்தோ.
மீன் கிடங்குக்குப் பின்னறையில்
ஒரு மேஜை, ஒரு வானொலிப் பெட்டி,
முனகிக்கொண்டே எரியும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு.
மாலை ஏழுக்கு மேய்ச்சல் குழுக்களைக் கூப்பிடுவேன்.
மூன்றாம் குழுவுக்கு மாவு தீர்ந்தது.
ஏழாம் குழுவில் ஓநாய்.
ஐந்தாம் குழுவில் நெகோட்சாவுக்கு இது ஒன்பதாம் மாதம்.

இருநூறு கிலோமீட்டர்.
நடுவில் கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை.
சிற்றலையில் ஏறிய குரல்
மேலே போய் முட்டித் திரும்ப வேண்டும்.
மேலே ஒரு கூரை இருக்கிறது,
சூரியன் வேய்ந்தது.
இந்த வருஷம் அவன் உடம்பெல்லாம் கரும்புள்ளி என்றார்கள்.
புள்ளி பெருகினால் கூரை இறுகும்.
அக்டோபரில் பகலில் முள்ளைத் திருப்பினால்
ஏதோ தென்கடல் துறைமுகத்து டாக்சிக்காரன்
பக்கத்து அறையில் நிற்பதுபோல் வைதான்.
பாஷை தெரியாது.
வசவு என்று தெரிந்தது.

வேய்ந்த கைதான் பிரிக்கவும் செய்யும்.

பதினெட்டாம் தேதி
ஐந்தாம் குழு பேசியது அரை வாக்கியம்:
"நெகோட்சாவுக்கு..."
பிறகு இரைச்சல்.
பிறகு
இரைச்சலும் இல்லை.

இதை எப்படி எழுதுவது அலுவலகத்துக்கு?
யாரும் பேசாதபோதும் பெட்டி சும்மா இருக்காது,
எங்கோ இடிக்கும் இடி,
அண்டத்திலிருந்து உதிரும் உமி,
ஏதாவது சலசலக்கும்.
அந்த உமியும் நின்றுபோனது.
ஏரியல் அறுந்ததோ என்று வெளியே ஓடினேன்.
கம்பி இருந்தது.
கம்பிக்கு மேலே ஹார்ப்,
அந்த ஒளிக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர்,
பச்சையாய், ஓரம் சிவந்து,
யாரோ ஈரத்துணியை
உதறிக்கொண்டே இருப்பதுபோல்.
அழகாய்த்தான் இருந்தது, சனியன்.

பயிற்சிப் பள்ளியில் சொன்னார்கள்:
சூரியன் வெடித்தால் வெளிச்சம் எட்டு நிமிஷத்தில் வரும்.
அது பகலில் இருப்பவர்கள் பாடு.
பின்னால் இரண்டு நாள் பயணம் செய்து வரும் துகள்கள்
பகலா இரவா என்று பார்ப்பதில்லை.
பூமியின் காந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
துருவத்தின் பக்கம் இறங்கும்,
கூரைக்குக் கீழே நின்று
குரலை வழியிலேயே குடித்துவிடும்.
தான் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு
வசூலுக்கு மட்டும் ஆள் அனுப்புகிறான்.

நான்கு நாள்.
மணிக்கொரு வரி: ஐந்தாம் குழு, பதில் இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்: சூரியன்.
ஹெலிகாப்டர் ஓட்டி கையுறையோடே நின்று கேட்டான்,
எங்கே இறங்க?
குழு ஓரிடத்தில் நிற்காது.
வரைபடத்தில் விரல் வைத்தேன்.
அந்த இடத்தில் விரல் மட்டும்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் முதலில் வந்தது குரல் அல்ல,
இரைச்சல்.
உலை கொதிக்கத் தொடங்குவதுபோல்.
அடுப்பை அணைத்துவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூப்பிடக் கையெடுக்கும் முன்
வாசலில் பனிமான் வண்டி.
ஹாசவாகோ, மீசை முழுக்கப் பனி.
"பெண். மீன் தராசில் நிறுத்தோம்,
இரண்டே முக்கால் கிலோ.
நான்கு நாளாய்க் கத்தினேன்,
காதை எங்கே வைத்திருந்தாய்?"

மேலே காட்டினேன்.

"அதுவா? எங்களிடம் மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது.
கூடாரத்துத் தோலை விலக்கி
அந்த வெளிச்சத்தில்தான் கொடியை அறுத்தோம்."

சிவப்புக் கேள்விக்குக் கீழே
பதிலுக்கென்று ஒன்றரை வரி விட்டிருக்கிறார்கள்.
எடையை மட்டும் எழுதினேன்.

மணி ஏழாகப் போகிறது.
மூன்றாம் குழுவுக்கு இன்னும் மாவு போகவில்லை.